எட்டுப் பேருக்கு ஒரு தலைவன்

சாரணர் என்னும் சொல் தமிழுக்கு நேற்று வந்ததன்று. புகாரை விட்டு மதுரை நோக்கி நடந்த கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் திருவரங்கத்துச் சோலையில் சாரணரைக் கண்டு வணங்கியதைச் சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதை சொல்கிறது. அங்கே சாரணர் என்போர் ஓரிடத்தில் நிலைத்திராது உலாவி அறம் உரைக்கும் துறவியர். பிறிதொரு வழக்கில் அதே சொல் ஒற்றர்க்கும் உரியது. பகைவரின் படைநிலையை முன்சென்று பார்த்து மீள்வோனும் சாரணனே. துறவியையும் ஒற்றனையும் ஒரு சொல்லுள் அடக்கிய மொழி, கழுத்தில் வண்ணத் துண்டு கட்டி மூன்று விரல் உயர்த்தி நிற்கும் பள்ளிச் சிறுவனுக்கும் அச்சொல்லையே எடுத்துக் கொடுத்தது. பொருத்தமான கொடை என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஆயினும் நம் பங்குகளில் சாரணர் படை என்றதும் பெற்றோர் கேட்பது ஒரே கேள்விதான்: "சாமி, இதனால பிள்ளைக்கு மார்க் கிடைக்குமா?" கேள்வியைக் குறை சொல்வதற்கில்லை. கூலி வேலை செய்து பிள்ளையைப் படிக்க வைப்பவர்க்கு மதிப்பெண் என்பது வீட்டின் கூரை போன்றது. ஆனால் இவ்வியக்கம் எங்கிருந்து வந்தது, யாருக்கு யார் பொறுப்பு, ஒரு பதின்மூன்று வயதுச் சிறுவன் கையில் இது எதை ஒப்படைக்கிறது என்பவற்றை அறியாமல் அக்கேள்விக்கு நேர்மையாக விடை கூறல் இயலாது. பள்ளித் தாளாளர் என்னும் முறையில் சில காலமாக இவற்றை எண்ணிப் பார்க்க வேண்டிய நிலை நமக்கு ஏற்பட்டுள்ளது.

இவ்வியக்கத்தைத் தோற்றுவித்த இராபர்ட் பேடன் பவல், 1876ஆம் ஆண்டில் பத்தொன்பது வயது இளைஞராக ஆங்கிலக் குதிரைப் படையின் அதிகாரியாய் இந்தியாவுக்கு வந்தவர். பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் மாஃபெகிங் என்னும் சிற்றூர் 1899-1900இல் 217 நாள் முற்றுகைக்குள்ளானபோது அதன் காவல் தளபதியாக நின்றார். ஆள் பற்றாக்குறையால் அவ்வூர்ச் சிறுவர்கள் ஓலை கொண்டு செல்லவும் காவல் பார்க்கவும் அமர்த்தப்பட்டனர். அச்சிறுவர் கூட்டத்துக்குத் தலைவனாயிருந்தவன் வார்னர் குட்இயர் என்னும் பதின்மூன்று வயதுப் பையன். பெரியவர் ஒருவர் முன்னின்று ஏவாமலே சிறுவர் சிறுவனுக்குக் கட்டுப்பட்டுப் பொறுப்பாய் நடந்து கொண்டனர் என்பதுதான் தளபதியின் நெஞ்சில் பதிந்தது. போரில் சிறுவரை ஈடுபடுத்தியதை நாம் மெச்சவில்லை. ஆனால் அவர் அங்கிருந்து எடுத்துக் கொண்ட பாடம் போரைப் பற்றியதன்று.

1907 ஆகஸ்டில் பிரவுன்சீ என்னும் தீவில் ஏறத்தாழ இருபது சிறுவரைக் கூட்டி அவர் முதல் முகாமை நடத்தினார். செல்வர் பள்ளிகளில் பயின்றோரும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் கலந்திருந்தனர். அவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு விலங்கின் அல்லது பறவையின் பெயரை இட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறுவனைத் தலைவனாக்கினார். எஞ்சிய எல்லாம், அதாவது முடிச்சுப் போடுதல், கூடாரம் அடித்தல், தடம் பார்த்தல் யாவும் அவ்வணி என்னும் கலத்தில் இட்ட பண்டங்களே. 1914இல் ரோலண்டு ஃபிலிப்ஸ் என்னும் இளைஞர் இவ்வணி முறையைப் பற்றித் தனி நூலே எழுதினார். இரண்டாண்டுக்குப் பின் சோம் போர்க்களத்தில் அவர் மாண்டபோது வயது இருபத்தாறு. அந்நூல் வந்து நூறாண்டுக்கு மேலாகியும் அணி முறைக்கு மாற்றாக வேறொன்றை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1909இல் பெங்களூரில் கேப்டன் டி.எச். பேக்கர் இந்தியாவின் முதற் சாரணர் படையைத் தொடங்கினார். 1911இல் ஜபல்பூரில் சாரணியர் இயக்கம் தொடங்கிற்று. ஆனால் அவ்வாயில்கள் ஐரோப்பியர்க்கும் ஆங்கிலோ இந்தியர்க்குமே திறந்திருந்தன. இந்தியச் சிறுவர்க்கு அடைத்திருந்தன. காரணம் எளிது. தடம் பார்க்கவும், சைகையால் செய்தி அனுப்பவும், இருளில் திசை அறிந்து நடக்கவும் இந்தியப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தால், வளர்ந்தபின் அக்கல்வியை யாருக்கு எதிராகக் கையாள்வர் என்னும் அச்சம் ஆள்வோருக்கு இருந்தது. அரசு தன் அச்சத்தின் வாயிலாகவே அவ்வியக்கத்தின் ஆற்றலை ஒப்புக்கொண்டது எனலாம்.

அடைத்த கதவின் வெளியே காத்திருக்க விரும்பாதோர் தாமே கதவு செய்து கொண்டனர். வடக்கே ஷாஜஹான்பூரில் 1913இல் ஸ்ரீராம் பாஜ்பாய் படை அமைத்தார். தெற்கே சென்னையில் 1916-17ஆம் ஆண்டுகளில் அன்னி பெசன்ட் அம்மையாரும் ஜி.எஸ். அருண்டேலும் இந்தியச் சாரணர் சங்கத்தை நிறுவினர். அடையாற்றின் தத்துவ ஞானத்தோடு நமக்கு உடன்பாடில்லை என்பதை வாசக அன்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; அதனால் அம்மையாரின் தொண்டை மறைக்க வேண்டியதும் இல்லை. தொப்பிக்கு மாறாகத் தலைப்பாகை கட்டி, இந்தியப் பாடல்களைப் பாடி, அவருடைய சாரணர் வீதியில் நடந்தனர். 1917 ஜூனில் அம்மையாரும் அருண்டேலும் சுயாட்சிக் கிளர்ச்சிக்காக உதகையில் காவலில் வைக்கப்பட்டனர். அரசால் தடுத்து வைக்கப்பட்ட இருவர் தலைமையிலான சிறுவர் இயக்கம் என்னும் பெருமை உலகில் வேறெந்த மாநிலத்துச் சாரணர்க்கேனும் உண்டோ, அறியோம். 1918இல் மதன் மோகன் மாளவியாவும் ஹிருதயநாத் குன்ஸ்ருவும் பாஜ்பாயும் அலகாபாத்தில் சேவா சமிதிச் சாரணர் சங்கத்தைக் கண்டனர்.

1921இல் பேடன் பவலும் அவர்தம் துணைவியாரும் இந்தியா வந்தபோது பிணக்குத் தீரும் வழி பிறந்தது. சென்னையில் அன்னி பெசன்டின் சங்கம் தாய்ச் சங்கத்தோடு இணைந்தது. இந்தியச் சிறுவர்க்குக் கதவு திறந்தது. அம்மையார் இந்தியாவுக்கான மதிப்புறு ஆணையரானார். 1932இல் இயக்கத்தின் உயரிய விருதான வெள்ளி ஓநாயும் அவருக்கு வழங்கப்பெற்றது. மாளவியாவின் சங்கமோ இணையாது வெளியே நின்றது. 1937இல் மீண்டும் வந்து சென்ற பேடன் பவல் இந்தியரைப் பற்றி வெளியிட்ட சில கருத்துகள் இங்கே மனப்புண்ணை உண்டாக்கின. 1938இல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் எழுந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னும் மூன்றாண்டுகள் ஒரே ஊரில், ஒரே தெருவில் இரு வேறு சங்கத்துப் பிள்ளைகள் ஒரே முடிச்சை இரு வேறு கொடியின்கீழ்ப் போட்டுக் கொண்டிருந்தனர். கல்வி அமைச்சர் மௌலானா ஆசாத் உள்ளிட்டோர் முயன்று ஒப்பந்தம் கண்டபின், 1950 நவம்பர் 7ஆம் நாள் பாரத சாரணர் இயக்கம் பிறந்தது. 1951 ஆகஸ்ட் 15இல் சாரணியரும் அதில் இணைந்தனர். இன்று நம் மாநிலத்தில் இயங்குவது அதன் தமிழ்நாட்டுக் கிளை.

இவ்வரலாற்றைப் படிக்கும்போது ஒன்று புலனாகும். முப்பதாண்டுப் பூசலில் அணி முறையைப் பற்றி எந்தத் தரப்பும் சண்டையிடவில்லை. உறுதிமொழியில் மன்னர் பெயர் வேண்டுமா, தலைமையிடம் லண்டனா இந்தியாவா, உச்சியில் அமர்வது யார் என்பவையே வழக்கு. அடியில் இருந்த எட்டுச் சிறுவரும் அவர்தம் தலைவனும் எல்லாச் சங்கத்திலும் ஒரே மாதிரி சோறு சமைத்துக் கொண்டிருந்தனர்.

இன்றைய அமைப்பை மேலிருந்து பார்ப்பவர்க்குத் தலை சுற்றும். தேசிய அளவில் புரவலர் குடியரசுத் தலைவர். மாநில அளவில் ஆளுநர். அதன்கீழ் மாநிலத் தலைவர், துணைத் தலைவர்கள், மாநில முதன்மை ஆணையர், சாரணர்க்கும் சாரணியர்க்கும் தனித்தனி ஆணையர்கள், செயலர், பயிற்சி ஆணையர்கள், அமைப்பு ஆணையர்கள். மாவட்டத்திலும் ஏறத்தாழ இதே வரிசை சிறிய அளவில் உண்டு. நம் மாநிலத்தில் இயக்கம் பள்ளிகளோடு பிணைந்திருப்பதால் ஆணையர் பொறுப்புகளில் பெரும்பாலும் கல்வித் துறை அலுவலர்களே அமர்கின்றனர். அதனால் ஒரு நன்மை: சுற்றறிக்கை வந்தால் பள்ளி அசையும். ஒரு தீமையும் உண்டு: அலுவலர் மாற்றலாகிப் போனால் ஆர்வமும் அவரோடு பெட்டி கட்டும். 2017 செப்டம்பரில் மாநிலத் தலைவர் பதவிக்கு நடந்த தேர்தல் நாளிதழ்களில் பெருஞ்செய்தியானதை அன்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அரசியல் கட்சியொன்றின் தேசியப் பொறுப்பாளர் போட்டியிட, கல்வித் துறையில் உயர் பதவி வகித்து ஓய்வு பெற்றவர் வென்றார். அந்நாள்களில் நம்மைச் சந்தித்தோர் பலர், வென்றது எந்தக் கட்சி என்றுதான் கேட்டனர். மாநிலத்தில் எத்தனை அணித்தலைவர்கள் உள்ளனர், அவர்கள் என்ன செய்கின்றனர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆதலால் கீழிருந்து மேல் நோக்குவதே நல்லது. ஆறு முதல் எட்டுப் பேர் கொண்டது அணி. அதற்கு ஓர் அணித்தலைவன், ஒரு துணைத்தலைவன். அணிகள் சில சேர்ந்தது படை. படைக்குப் பெரியவர் ஒருவர். அவர் சாரண ஆசிரியர். இளையோர்க்குக் குருளையர், நீலப்பறவையர் என்னும் பிரிவுகளும், மூத்தோர்க்குத் திரிசாரணர், திரிசாரணியர் என்னும் பிரிவுகளும் உண்டு. சிங்கக் குட்டியைக் குறிக்கும் குருளை என்னும் பழஞ்சொல்லை ஆறு வயதுப் பையன் தன் சட்டையில் அணிந்து திரிவதைக் காணும்போதெல்லாம் நமக்கு உவகையே. பிரவேஷ் முதலாகச் சோபானங்கள் மூன்றையும் ஏறி, ஆளுநர் வழங்கும் ராஜ்ய புரஸ்கார், அதன்மேல் குடியரசுத் தலைவர் பெயரிலான ராஷ்டிரபதி விருது எனப் படிகள் உள்ளன. பெற்றோர் கேட்கும் மதிப்பெண்ணுக்கு அருகே வருபவை இவைதாம். சில உயர்கல்வி நிலையங்களில் இவ்விருதுக்குத் தனிக் கவனம் கிடைப்பதும் உண்மை.

ஆனால் இயக்கத்தின் உயிர்நிலை விருதில் இல்லை. அது அணித்தலைவர் அவை எனப்படும் சிறு கூட்டத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதனைக் 'கோர்ட் ஆஃப் ஆனர்' என்பர். அணித்தலைவர்கள் கூடிப் படையின் திட்டம், செலவு, ஒழுங்கு ஆகியவற்றை முடிவு செய்கின்றனர். சாரண ஆசிரியர் உடன் அமர்வார், அறிவுரை கூறுவார், முடிவு அவருடையதன்று. நான்கு சிறுவர் ஒரு மரத்தடியில் அமர்ந்து பேசும் இதற்கு இத்தனை பெரிய பெயரா என்று சிரிப்பவர் உண்டு. சிரிப்பவர்கள் ஒருமுறை அதில் அமர்ந்து பார்க்க வேண்டும்.

குருமடத்தில் திருத்தந்தை பதினொன்றாம் பயஸின் 1931ஆம் ஆண்டுச் சுற்றுமடலை நாம் பாடமாகப் பயின்றோம். சிறிய குழு தானே செய்யக் கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக் கொள்வது அநீதி என்பது அதன் புகழ்பெற்ற கருத்துகளுள் ஒன்று. தேர்வுக்காக மனனம் செய்த அக்கோட்பாட்டின் பொருள் என்னவென்று ஒரு முகாமில், எட்டுப் பையன்கள் தம் அடுப்பைத் தாமே மூட்டப் போராடிக் கொண்டிருக்க, ஆசிரியர் கைகட்டி நின்றபோதுதான் நமக்கு விளங்கிற்று. புகை கண்ணைக் கரித்தது, நேரம் போயிற்று, நம் வயிறும் காய்ந்தது. தீப்பெட்டியைப் பிடுங்கி ஒரு நொடியில் மூட்டிவிடலாம். அவர் செய்யவில்லை. அன்று பிற்பகல் இரண்டரை மணிக்குச் சோறு உண்டோம். அடியில் தீய்ந்த சோறுதான்.

விடுதலைப் பயண நூலின் பதினெட்டாம் அதிகாரத்தையும் இங்கே நினைவுகூரலாம். காலை முதல் மாலை வரை மக்கள் வழக்கையெல்லாம் தாமே கேட்டுச் சோர்ந்த மோசேயை அவருடைய மாமனார் இத்திரோ கண்டிக்கிறார். ஆயிரவர்க்கும் நூற்றுவர்க்கும் ஐம்பதின்மர்க்கும் பதின்மர்க்கும் தலைவரை ஏற்படுத்தச் சொல்கிறார். நாம் மறையுரைகளில் ஆயிரவர் தலைவரைப் பற்றியே பேசிப் பழகிவிட்டோம். பதின்மர் தலைவரிடமே பெரும்பான்மை வழக்குகள் முடிந்துவிடும் என்பதுதான் இத்திரோவின் கணக்கு. நம் பங்குகளில் அன்பியங்கள் தொடங்கியபோது நோக்கமும் அதுவே. பங்குத்தந்தை வந்தால்தான் அன்பியக் கூட்டம் என்னும் நிலை எங்கெல்லாம் உள்ளதோ, அங்கெல்லாம் இத்திரோ இன்னும் வந்து சேரவில்லை என்று கொள்க.

திருச்சபைக்குள் இவ்வியக்கம் எதிர்ப்பின்றி நுழையவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இயற்கையை வழிபடச் செய்யும், சமய வேறுபாட்டை மழுங்கச் செய்யும் என்றெல்லாம் ஐரோப்பியக் கத்தோலிக்கர் பலர் ஐயுற்றனர். பிரான்சு நாட்டு இயேசு சபைத் தந்தை ஷாக் செவான் 1913இல் இங்கிலாந்து சென்று பேடன் பவலை நேரில் சந்தித்துத் தெளிந்து, 1920இல் பிரெஞ்சுக் கத்தோலிக்கச் சாரணர் இயக்கம் தோன்றக் காரணரானார். 2012இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது. நம் நாட்டு உறுதிமொழியில் கடவுளுக்குரிய கடமை முதலிடம் பெறுகிறது. விரும்புவோர் கடவுள் என்பதற்கு மாற்றாகத் தர்மம் என்று கூறலாம் என்னும் இசைவும் உண்டு. நம் நண்பரான குரு ஒருவர் இவ்விசைவைக் கண்டு முகம் சுளித்தார். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஒரே வரிசையில் நின்று ஒருவன் கடவுள் என்றும் மற்றவன் தர்மம் என்றும் உரக்கச் சொல்லும்போது, இருவரும் தாம் சொல்வது இன்னதென்று அறிந்தே சொல்கின்றனர். எல்லோரும் ஒரே சொல்லை உதட்டளவில் முணுமுணுப்பதைவிட அது மேல்.

அணித்தலைவர் அவை என்ன செய்யும் என்பதற்கு நாம் கண்ட ஒன்றைச் சொல்வோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளிப் படை மலையடிவாரத்தில் முகாமிட்டிருந்தது. இரவுக் காவல் முறையில் ஓர் அணித்தலைவன், ஒன்பதாம் வகுப்பு மாணவன், தன் முறைநேரத்தில் உறங்கிவிட்டான். அவன் அணியைச் சேர்ந்த ஆறாம் வகுப்புச் சிறுவன் சிறுநீர் கழிக்க எழுந்தவன் வழி தவறி வாய்க்கால் கரை வரை தனியே சென்றுவிட்டான். ஊரார் ஒருவர் கண்டு அழைத்து வந்தார். தீங்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் வாய்க்காலில் நீர் இருந்தது என்பதை எண்ணும்போது இன்றும் நம் உள்ளங்கை வியர்க்கிறது.

செய்தி பள்ளிக்கு எட்டியதும் ஆசிரியர் அறையில் பெருங்குரல் எழுந்தது. அப்பையனைப் படையிலிருந்தே நீக்க வேண்டும் என்றனர் பலர். சாரண ஆசிரியர் வழக்கை இரண்டாகப் பிரித்தார். இரவில் பெரியவர் ஒருவர் விழித்திராதது பெரியவர்களின் பிழை. அதற்குத் தாமும் நிருவாகமும் விடை கூற வேண்டும், அதில் பிள்ளைகளுக்கு இடமில்லை என்றார். அன்று முதல் நம் முகாம்களில் இரவு முழுதும் இரு பெரியவர்கள் முறை வைத்து விழித்திருக்கின்றனர். நீர்நிலைக்கு அருகே கூடாரம் இல்லை. மூன்று வேளை தலை எண்ணுதல் உண்டு. பையன் தன் அணியின் நம்பிக்கையைத் தவறவிட்டது மற்றொன்று. அது அவையின் வழக்கு என்றார்.

அவை கூடிற்று. நமக்கும் ஓரமாக ஒரு நாற்காலி போட்டனர். மூன்று அணித்தலைவர்களும் முதலில் பேசியது குற்றவாளியிடமன்று, ஆறாம் வகுப்புச் சிறுவனிடம். "பயந்தியாடா? யாரைக் கூப்பிட்ட?" என்று கேட்டனர். அவன் அணித்தலைவனின் பெயரைச் சொன்னான். அதன்பின் சற்று நேரம் யாரும் பேசவில்லை. அந்தப் பெரிய பையன் அழுதான். ஒரு மாதம் அணித்தலைமையைத் துணைத்தலைவன் ஏற்பான். இவன் துணைத்தலைவனுக்குரிய வேலைகளை, அதாவது பாத்திரம் கணக்கெடுத்தல், கயிறு சுருட்டுதல் முதலியவற்றைச் செய்வான். மாத முடிவில் அந்த ஆறாம் வகுப்புச் சிறுவன் சம்மதித்தால் மீண்டும் தலைவனாவான் என முடிவாயிற்று. நமக்கு அத்தீர்ப்பு மென்மையாகவே பட்டது. இன்றும் அப்படித்தான் படுகிறது. ஆயினும் அதில் நாம் கை வைக்கவில்லை. சிறுவன் மாத முடிவில் சம்மதிக்கவில்லை. இன்னும் இரண்டு வாரம் ஆகட்டும் என்றான். அந்த இரண்டு வாரமும் நிறைவேற்றப்பட்டது.

கீழே அதிகாரத்தை இறக்கி வைத்தல் இவ்வமைப்பின் ஒரு பாதி. மேலே பொறுப்பைக் கட்டி வைத்தல் மறு பாதி. ஆணையர், செயலர் என்று நாம் சற்று முன் எள்ளிய வரிசையின் பயன் இங்கேதான் உள்ளது. படை தொடங்கப் பதிவு வேண்டும். சாரண ஆசிரியராகப் பணியாற்றப் பயிற்சியும், ஆணையர் வழங்கும் நியமனச் சான்றும் வேண்டும். அடிப்படைப் பயிற்சி, முன்னேற்றப் பயிற்சி, அதன்மேல் இமாலய உட்பேட்ஜ் என அப்பயிற்சிக்கும் படிகள் உண்டு. கழுத்தில் தோல்கயிற்றில் இரு சிறு மரமணிகளை ஒருவர் அணிந்திருந்தால் அவர் அப்படியை ஏறியவர் என்று அறியலாம். சாரணியர் படைக்குப் பெண்ணே தலைமையாசிரியை. முகாமுக்கு அனுமதி பெற வேண்டும். இவையெல்லாம் வெறும் தாள் என்று சலித்துக் கொள்ளும் தலைமையாசிரியர்களை நாம் அறிவோம்.

அவர்களுக்கு 2024 ஆகஸ்டை நினைவூட்டுகிறோம். கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளியொன்றில் தேசிய மாணவர் படையின் பெயரால் முகாம் ஒன்று நடந்தது. அது போலி முகாம். அப்படையோடு அதற்கு எவ்விதத் தொடர்பும் இல்லை. அங்கே மாணவியர்க்கு நேர்ந்த கொடுமையை நாடறியும். சீருடையைக் கண்டு நம்பினர், சான்றைக் கேட்கவில்லை. அது சாரணர் இயக்கமன்று. ஆனால் பிள்ளைகளுக்கும் பெற்றோர்க்கும் எல்லாச் சீருடையும் ஒன்றுபோலவே தோன்றும். அதற்குச் சில மாதங்களுக்குப் பின் நம் பள்ளிக்கும் இருவர் வந்தனர். மூன்று நாள் முகாம், தலைக்கு இவ்வளவு தொகை, உணவும் சான்றிதழும் அவர்கள் பொறுப்பு, ஆசிரியர்கள் உடன் தங்க வேண்டியதில்லை என்றனர். வண்ண அட்டையில் அழகாக அச்சிட்டிருந்தனர். நியமனச் சான்றையும் மாவட்டச் செயலரின் கடிதத்தையும் கேட்டோம். எடுத்து வருகிறோம் என்று சென்றவர்கள் திரும்பவில்லை. அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். பிள்ளைகளை ஒப்படைக்க 'இருக்கலாம்' போதாது. நம் திருச்சபையும் இதனைப் பெருவிலை கொடுத்தே கற்றுக் கொண்டது என்பதால் குருவாகிய நாம் இங்கே குரலைத் தாழ்த்திப் பேசுவதற்கில்லை.

2025ஆம் ஆண்டு ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறையில் பாரத சாரணர் இயக்கத்தின் வைர விழாப் பெருந்திரளணி நடைபெற்றது. பல மாநிலங்களிலிருந்து பல்லாயிரம் பிள்ளைகள் கூடினர். நம் பள்ளியிலிருந்தும் ஓர் அணி சென்றது. திரும்பி வந்தவர்களிடம் முதலமைச்சரைப் பார்த்தீர்களா என்று ஆசிரியர்கள் கேட்டனர். பக்கத்துக் கூடாரத்து வடநாட்டுப் பையன்களிடம் மாவு பிசையக் கற்றதையும், அவர்களுக்கு ரசம் வைத்துக் கொடுத்ததையும், மொழி தெரியாமல் முடிச்சுகளைக் காட்டிக் காட்டியே ஒரு மாலை முழுதும் பேசிக் கொண்டிருந்ததையும் பையன்கள் சொன்னார்கள்.

அவ்வணியை அழைத்துச் சென்ற ஆசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். முப்பதாண்டுக் காலம் சனிக்கிழமைகளை இதற்கே கொடுத்தவர். அவர் இடத்துக்கு வர ஆளில்லை. சாரணர் மணிநேரத்தைப் பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பயிற்சியாக மாற்றிவிடலாம் என்று தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்தார். தேர்ச்சி விழுக்காட்டைக் குறித்து அவருக்குள்ள கவலை பொய்யன்று. பெற்றோர் பலரும் அவர் பக்கமே. முடிவு தாளாளரிடம் விடப்பட்டது. கணக்குப் பயிற்சியைக் காலை நேரத்துக்கு மாற்றச் சொல்லியிருக்கிறோம். இளைய அறிவியல் ஆசிரியர் ஒருவர் அடிப்படைப் பயிற்சிக்குச் செல்ல இசைந்துள்ளார். அவர் சான்று பெற்று வரும் வரை முகாம் கிடையாது, வாராந்தரக் கூட்டம் மட்டும் உண்டு, அதிலும் பழைய ஆசிரியர் வந்து அமர்வார் என்று ஏற்பாடு.

இதற்கிடையில் அணித்தலைவர் அவை தானாகவே கூடி நமக்கு ஒரு கடிதம் அனுப்பியுள்ளது. கோடிட்ட தாளில், பென்சிலால் எழுதி மேலே மையிட்ட கடிதம். புதிய கயிறு இரண்டு, கிழிந்த கூடாரத்துக்கு ஒட்டுத் துணி, முதலுதவிப் பெட்டிக்கு மருந்து ஆகியவை வேண்டும். கையிருப்பு 640 ரூபாய், எஞ்சியதைப் பள்ளி தர இயலுமா என்று கேட்டிருக்கின்றனர். கணக்குப் பயிற்சிக்குத் தவறாமல் வருவதாக நால்வரும் கையொப்பமிட்டிருக்கின்றனர். கடைசி வரியில், அடுத்த கூட்டம் வரும் சனிக்கிழமை நான்கு மணிக்கு என்றும், ஃபாதர் வருவதாயிருந்தால் முந்திய நாளே தெரிவித்தால் நாற்காலி எடுத்துப் போட வசதியாயிருக்கும் என்றும் எழுதியிருந்தது.